சிறைக் கணக்கு தனி

நோங் புவா
17 மே 2021

அன்பு மகன் சாங்குக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் பிம்மும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இருந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான். உறையின் மேல் உன் பள்ளிக்கூடத்துப் பெயரைத்தான் எழுத வேண்டுமாம், பிரசித் என்று. அந்தப் பெயரை நான் கடைசியாக எழுதியது உன்னை முதல் வகுப்பில் சேர்த்த அன்று. எழுத்துத் தப்பிவிடக் கூடாதே என்று குடும்ப அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நாலாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

உன்னைக் கடற்கரைப் பக்கத்துச் சிறையிலிருந்து நம் மாகாணத்துக்கே மாற்றிவிட்டார்கள் என்று சோம் சின்னம்மா வந்து சொன்னாள். சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை. டவுனுக்குப் போகிற பஸ்ஸில் சர்க்கரை ஆலை தாண்டியதும் வருகிறதே வெள்ளைச் சுவர், அங்கேதானே இருக்கிறாய். முன்பெல்லாம் அந்தச் சுவரை நான் கவனித்ததே கிடையாது. இப்போது அந்த இடம் வந்தால் கழுத்து தானாக மறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. பிம் கூட இருந்தால், “அங்க பாரு, எருமைக் கன்னு!” என்று கரும்புக் காட்டுப் பக்கம் கை காட்டுகிறேன். எருமை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஊரைப் பொறுத்தவரை நீ தைவானில் இருக்கிறாய். உன் பெண் பிம்மைப் பொறுத்தவரையும் அப்படித்தான். போனில் முகம் பார்த்துப் பேச வசதி உண்டாம், ஆனால் வீட்டுப் போன் எப்போதும் பிம் கையில். அதனால்தான் கடிதம். பதிலை டவுனில் சோம் சின்னம்மாவின் தையல் கடைக்கே போடு. சிறை முத்திரை குத்திய உறையோடு தபால்காரன் நம் வாசலில் வந்து நின்றால் அந்த நிமிடமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஊர்ச் செய்தி என்றால் இப்போது ஒரே செய்திதான். விடிந்ததும் ஊர்த் தலைவர் வீட்டுக் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் அலறும். யார் வீட்டு மாடு காணவில்லை, யார் வீட்டில் விருந்து என்று தலைவர் சொன்ன காலம் போய்விட்டது. இப்போது சுகாதாரத் தொண்டர் என்று ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு சம்லி வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் அப்பா செத்த அன்று சவப்பெட்டியை விரலால் தட்டிப் பார்த்து, “மாம்பலகைதானா?” என்று கேட்டாளே, அதே சம்லி. மஞ்சள் பூப்போட்ட ரவிக்கை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சாவு வீட்டுக்கு மஞ்சள். நான் மறப்பேனா?

இன்று காலை அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அன்பான நோங் புவா மக்களே, நல்லாக் கேட்டுக்குங்க. நம்ம மாகாணத்துல இன்னைக்குப் புதுசா எழுபத்தி நாலு பேருக்குத் தொத்தியிருக்கு. பயந்துடாதீங்க! அதுல அறுபத்தியெட்டு பேரு சிறைக்குள்ள இருக்கிறவங்க. சிறைக் கணக்கு தனி. நம்ம கணக்கு வெறும் ஆறுதான். முகமூடி போடுங்க, கையக் கழுவுங்க, ஒரே கூடையில நாலு பேரு கைய விட்டுச் சோறு திங்காதீங்க.”

பக்கத்து வீட்டு கேசோன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். “அப்பாடா! உள்ள கெடக்கிறவனுங்கதானா? நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்க்கா.”

நானும் “அப்பாடா” என்றேன், சாங். என் வாயால்தான் சொன்னேன்.

உனக்குத் தொற்றவில்லையே? ஒரு வரி எழுது.

அம்மா

இடையில் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு: இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் வெட்கம்தான். படித்துவிட்டுக் கசக்காமல் கொடுக்கவும்.


24 மே 2021

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு பக்கத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள். உன் கடிதத்தைக் கொடுத்த காவலர் சிரித்துக்கொண்டே, “உங்கம்மா எனக்கும் சேத்துதான் எழுதியிருக்காங்கடா” என்றார். கசக்காமல்தான் கொடுத்தார்.

எனக்கு இதுவரை இல்லை. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எங்கள் அறையில் படுத்தால் புரள முடியாது. ஒருவன் புரண்டால் வரிசை முழுக்கப் புரள வேண்டும். ஒருவன் இருமினாலும் அப்படித்தான்.

நீ கேட்கிற அந்தச் செய்தியை நாங்களும் டிவியில் கேட்கிறோம். நாடு முழுக்க இத்தனை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தனி, சிறையில் இருப்பவர்கள் தனி என்பார்கள். என் பக்கத்தில் படுக்கும் சக் அண்ணன், “டேய், நாம நாட்டுலயும் இல்ல, வெளிநாட்டுலயும் இல்ல. அப்ப ஏதோ தீவுல இருக்கோம்டா. கடல் எந்தப் பக்கம், குளிக்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அம்மா, நீ “அப்பாடா” என்று சொன்னதற்கு வருத்தப்படாதே. அப்படிச் சொல்ல வைத்தவன் நான். லாரியில் ஏற்றிய மூட்டைகளுக்கு நடுவே போதை மாத்திரை இருந்தது எனக்குத் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். தெரியும் அம்மா. எதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததைக் காகிதத்தில் சொல்கிறேன்.

எங்களுக்குத் தடுப்பூசி எப்போது என்று தெரியவில்லை. ஊரில் வயதானவர்களுக்கு முதலில் போடுகிறார்களாமே. நீ போட்டுக்கொள். பிம்முக்கு நான் தைவானிலேயே இருக்கட்டும்.

சாங்


நோங் புவா
3 ஜூன் 2021

அன்பு மகன் சாங்குக்கு,

நீ எழுதியதைச் சோமின் கடையிலேயே, துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். தெரியும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சோமைத் திட்டினேன், தேநீரில் சர்க்கரை அதிகம் என்று. அந்த விஷயத்தை நான் மறக்க மாட்டேன், எதையும் மறக்காதவள் என்று உனக்கே தெரியும். நீ நேரில் வந்த பிறகு திட்டிக்கொள்கிறேன். திட்டுவதற்காகவாவது நீ வர வேண்டும்.

போன வாரம் சம்லி வீடு வீடாகப் பேர் எழுத வந்தாள். வேலிக்கு வெளியே நின்றுகொண்டு முகமூடிக்குள்ளிருந்து கத்தினாள்.

“லம்துவன்! ஊசிக்குப் பேர் குடுக்கிறியா இல்லியா? அறுபதுக்கு மேல எல்லாரும் குடுத்தாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி.”

“எனக்கு வேணாம்.”

“ஏன், பயமா?”

“உன் கையால எழுதின பேருக்கு ஊசி போட்டா எனக்குக் கை வீங்கிடும்.”

“நான் எழுதத்தான் போறேன்டி, குத்தப் போறது நர்சு! சரி, உன் மவன் எப்படி இருக்கான்? தைவான்லயும் பரவுதுன்னு டிவியில சொன்னானே. ஊருக்குத் திரும்பினா நேரா வீட்டுக்கு வரக் கூடாது, மொதல்ல என்கிட்ட சொல்லணும், தெரிஞ்சிதா?”

“நல்லா இருக்கான்” என்றேன். அவள் கையிலிருந்த தாளில் ‘வெளிநாட்டில்’ என்று எழுதிக்கொண்டு போனாள். நான் சொன்ன பொய்யை அவள் எழுதுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி வேண்டாம் என்றது அவள் மேலுள்ள ஆத்திரத்தால் மட்டும் இல்லை. உனக்குப் போடாததை நான் முந்திக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்வதா?

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தைவான் செய்தியைக் கேட்டு ஊரே என் மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிட்டது. கேசோன் அவித்த முட்டை கொண்டுவந்து வைத்தாள். வேலைக்குப் போன பிள்ளைகள் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து உயிரழைப்பு நடத்துவோம் என்று தலைவர் முடிவு செய்துவிட்டார். கூட்டம் கூடக் கூடாதே. அதனால் குழாயிலேயே அழைப்பது, அவரவர் வீட்டில் சோறும் முட்டையும் வெள்ளை நூலும் வைத்துக்கொண்டு உட்கார்வது என்று ஏற்பாடு. உயிரைக் குழாயில் அழைத்ததை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நாங்கள் செய்தோம்.

அதற்கு முந்தின நாள் உயிரழைக்கிற சேன் பெரியப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்று பேரும் ஊரும் கேட்டுக்கொண்டு போனார். அவர் சொல்வது உனக்குத் தெரியும்தானே. ஆள் பயந்தாலும் நோயில் விழுந்தாலும் உயிர் உடம்பை விட்டு இறங்கி அங்கேயே எங்கேயாவது நின்றுவிடும். நிற்கிற இடத்தைச் சொல்லி அழைத்தால்தான் திரும்பும்.

“லம்துவன், பையன் எந்த ஊர்ல இருக்கான்? சரியாச் சொல்லு தாயி. இடம் தப்பினா உயிரு வழி தெரியாம முழிக்கும்.”

துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்கத் தொடங்கினேன். அதற்குள் பிம் உள்ளேயிருந்து ஓடிவந்து, “தைவான் தாத்தா! தைவான்ல தாய்ச்சுங்! பள்ளிக்கூட மேப்புல பாத்து வெச்சிருக்கேன்” என்றாள். என்ன பெருமை அவள் முகத்தில்! பெரியப்பா, “கெட்டிக்காரி” என்று அவள் தலையைத் தொடப் போய், நோய்க் காலம் என்று கையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை குழாயில் கேட்டேன். “லம்துவன் மகன் சாங்கின் உயிரே! கடலைத் தாண்டி வா, தாய்ச்சுங் ஊர் தெருவில் நிற்காதே, தொழிற்சாலை வாசலில் நிற்காதே, வா, அம்மா வைத்த சோற்றுக்கு வா...” ஊரெல்லாம் கேட்டது. வயலில் நின்ற கொக்குகூடப் பறந்தது. நான் சோற்றுக் கூடைக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பிம் என் மணிக்கட்டில் நூல் கட்டினாள். நான் அவள் மணிக்கட்டில் கட்டினேன். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. சுவருக்குள் நிற்கிறவனைக் கடலுக்கு அப்பால் போய்த் தேடினால் யார் வருவார்கள்?

அம்மா

ஐயா, போன கடிதத்தைக் கசக்காமல் கொடுத்ததற்கு நன்றி. உங்களுக்கு ஊசி போட்டார்களா?


10 ஜூன் 2021

அம்மா,

எனக்கும் வந்துவிட்டது. வரிசையில் எல்லோருக்கும் வந்த பிறகு எனக்கு மட்டும் எப்படி வராமல் இருக்கும். தொழிற்கூடத்தில் தையல் மெஷின்களை எடுத்துவிட்டுப் பாய் போட்டிருக்கிறார்கள், அங்கே இருக்கிறேன். மீன் சாறு மணக்கவில்லை. ஒன்றுமே மணக்கவில்லை. மாத்திரை தருகிறார்கள். மாத்திரைக்காக உள்ளே வந்தவனுக்கு இப்போது மாத்திரைதான் கதி என்று சக் அண்ணன் சொன்னார். அவரை நேற்று வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

காய்ச்சலில் எங்கே இருக்கிறேன் என்று சில நேரம் தெரியவில்லை. யாரோ தூரத்தில் கூப்பிடுவது போல இருக்கிறது, ஆனால் என்னை இல்லை.

ஒன்று கேட்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் தைவானில் ஆனதாகவே இருக்கட்டும். அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடு. நோய்க் காலம், நம்புவார்கள். பிம் பள்ளிக்கூடத்துக்குத் தலை நிமிர்ந்து போக வேண்டும். உனக்கும் ஊரில் முகம் வேண்டும். இந்த ஒன்றையாவது உனக்காகச் செய்துவிட்டுப் போகிறேன்.

எழுத்துக் கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள்.

சாங்


நோங் புவா
17 ஜூன் 2021

சாங்,

உன் கடிதம் வந்ததும் பதில் போட்டேன். அதற்குப் பதில் இல்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் சோம் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினை மிதிக்கிறாள். சிறைக்குப் போன் போட்டுப் பார்த்தாளாம். எடுக்கவில்லை என்கிறாள்.

இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். பிம்முக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்தேன். குழாயில் சம்லி. “நம்ம மாகாணத்துல இன்னைக்கு ஒரு சாவு. பதறாதீங்க, பதறாதீங்க! சிறைக்குள்ள இருந்த ஆளு. நம்ம ஊருக்குச் சம்பந்தமில்ல. பேர் குடுத்தவங்க ஊசிக்கு வர்ற வாரம் பஸ்ஸு வரும், அட்டையக் கையில வெச்சுக்குங்க.”

உலக்கை என் கையில் இருந்தது. நிறுத்தினால் கேசோன் வேலியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், “என்னக்கா நிறுத்திட்டே?” என்பாள். அதனால் இடித்துக்கொண்டே இருந்தேன். செத்தது என் பிள்ளையோ என்று தெரியாமல், கை நிற்காமல் இடித்தேன். பப்பாளி கூழாகிப் போனது. பிம் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இன்னைக்கு என்ன, பல்லில்லாத கெழவிக்கு செஞ்ச மாதிரி செஞ்சிருக்கே?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தலைவர் வீடு எத்தனை தூரம்? நடந்தால் சோறு ஆறுவதற்குள் போய்விடலாம். போய், “சம்லி, அந்த ஆளோட பேர் என்ன?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவள் கேட்பாளே என்று போகவில்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சவப்பெட்டிக்கு மாம்பலகையா என்று கேட்டவளை இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துத் திட்டினேன். அவளாவது அடுத்தவள் வீட்டுச் சாவில்தான் அப்படி நடந்துகொண்டாள்.

ஐயா, இதைப் படிப்பீர்கள் அல்லவா? என் மகன் பிரசித் இருக்கிறானா? இருந்தால் இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாவது திருப்பி அனுப்புங்கள்.

அம்மா


நோங் புவா
26 ஜூன் 2021

அன்பு மகன் சாங்குக்கு அம்மா எழுதுவது.

நீ கேட்டதை நான் செய்யவில்லை. கோபித்துக்கொள். நேரில் வந்து கோபித்துக்கொள்.

போன கடிதத்தைப் போட்டுவிட்டு சேன் பெரியப்பாவிடம் போனேன். யாருக்கும் தெரியாமல் மறுபடி ஒரு தடவை உயிரை அழைத்துக் கொடுங்கள், இடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று காலில் விழுந்தேன். எங்கே இருக்கிறான் என்று கேட்டார். சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“தாய்ச்சுங், தாய்ச்சுங்னு தொண்ட கிழியக் கத்தினேனே தாயி. தாய்ச்சுங்ல யாரு வீட்டு உயிராவது வந்திருந்தா நான் எங்கே கொண்டுபோய் விடுவேன்?” என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னார், “ரகசியமா அழைக்க முடியாது. ஊரே கேக்க தப்பான வழி சொல்லியாச்சு. குழாயில அழைச்சதைக் குழாயிலதான் திருப்பணும். நான் அழைக்க மாட்டேன். இடம் தெரிஞ்சவ நீ, நீயே கூப்பிடு.”

மறுநாள் விடிவதற்கு முன்பே தலைவர் வீட்டுக்குப் போனேன். சம்லி மைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி இது, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சான்? நீயா என் எதிர்ல வந்து நிக்கிறே?”

“சம்லி, சிறையில செத்தது யாரு?”

“அது எதுக்கு உனக்கு?”

“என் மவன் அங்கதான் இருக்கான்.”

அவளுக்குப் புரியவில்லை. “உன் மவன் தைவான்லல்ல இருக்கான்?”

“தைவான் இல்ல. சர்க்கரை ஆலை தாண்டி, வெள்ளைச் சுவரு. மாத்திரை கடத்தினதுக்குப் பிடிச்சாங்க. நான் சொன்னது பொய்.”

சம்லி முதலில் கத்தினாள். “அடிப் பாவி! மேலதிகாரிக்கு அனுப்பின தாள்ல ‘வெளிநாட்டில்’னு என் கைப்பட எழுதினேனே! என்னையும் சேத்து பொய் சொல்ல வெச்சிட்டியே!” கத்திக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். முகமூடியை இழுத்துக் கீழே விட்டாள். “தினமும் காலையில சொன்னேனே... சிறைக் கணக்கு தனி, சம்பந்தமில்லன்னு... அதையெல்லாம் நீ கேட்டுக்கிட்டா இருந்தே?”

“ஒரு நாளும் விடாம கேட்டேன்.”

அவள் தலை குனிந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன், சாங். இத்தனை வருஷம் அதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். பார்த்தபோது ஒரு இன்பமும் இல்லை. அவளும் குனிந்து நின்றாள், நானும் குனிந்து நின்றேன். தலைவர் வீட்டுச் சேவல்தான் எங்களைச் சுற்றி நிமிர்ந்து நடந்தது.

செத்தவர் பேர் அவளுக்கும் தெரியவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் அவளுக்கு வருமாம். உடனே போனை எடுத்துச் சுகாதார நிலையத்து நர்சைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டாள். நர்சு விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். சம்லி சுவிட்சைப் போட்டு மைக்கை என் பக்கம் நகர்த்தினாள்.

என்ன சொன்னேன் என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். குழாய் சத்தம் அந்தச் சுவர் வரைக்கும் வராது.

“நான் லம்துவன் பேசறேன். என் மவன் சாங் தைவான்ல இல்ல. சிறையில இருக்கான். நோயில கெடக்கான். சாங்! லம்துவன் மவனே! கடல் பக்கம் போகாதே, நீ கடலத் தாண்டவே இல்ல. சர்க்கரை ஆலைக்கு அந்தாண்ட வெள்ளைச் சுவரு, உள்ள தையல் கூடம், பாயில படுத்திருக்கே. அங்கேருந்து எழுந்து வா. பஸ் வர்ற ரோட்டுலயே வா. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காமப் போனேன், அதுக்காக நிக்காதே. நீ கொறை மாசத்துல பொறந்தே. ஆயுசு நெறைய வேணும்னுதான் சாங்னு, யானைன்னு பேர் வெச்சேன். யானை மாதிரி வா. அம்மா வெட்கப்பட்டேன். இப்ப கூப்பிடறேன். வா.”

வெளியே வந்தால் வாசலில் பிம். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. வீட்டில் குழாய் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ... எருமைக் கன்னு எதுவும் இல்லியா?”

அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. மணிக்கட்டு நூலை மட்டும் அவிழ்க்கவில்லை. கேசோன் வேலியில் பழைய துணியைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டாள். தெருப் பிள்ளைகள் பிம்மை “தாய்ச்சுங், தாய்ச்சுங்” என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பையன் உதட்டைக் கிழித்துவிட்டாள். கிழிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன், முகம் போனது போனதுதான். நீ பயந்தபடியே எல்லாம் நடந்தது. ஆனாலும் சோறு இறங்குகிறது. முன்பு இறங்கவில்லை.

நான் குழாயில் பேசிய அன்று மத்தியானமே சம்லி வேகு வேகென்று வந்தாள். வேலிக்கு வெளியே நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டாள். “செத்தது உன் மவன் இல்ல. சக்குன்னு ஒரு ஆளு. சொந்தக்காரங்க யாரும் வரலியாம். உன் மவன் பேர் இருக்கறவங்க லிஸ்ட்டுல இருக்கு. காய்ச்சல் விடல. ஆனா சோறு கேட்டானாம்.” தீவில் கடல் தேடியவரின் பேரையும் சேர்த்துக் கோயிலில் புண்ணியம் செய்தேன். உன்னிடம் முன்பே யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருந்தால், என் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்வதற்கு மன்னித்துக்கொள்.

நேற்று ஊசி பஸ் வந்தது. நீ சொன்னதற்காகச் சம்லியிடம் பேர் கொடுத்துவிட்டு ஏறினேன். பிம்மும் ஏறினாள், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சம்லி என் பக்கத்தில். சர்க்கரை ஆலை வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சுவர் அவ்வளவு வெள்ளையாக இல்லை, அடியில் செம்மண் ஏறியிருக்கிறது. பிம் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, சுவர் முடிகிறவரை எடுக்கவே இல்லை. அப்புறம்தான் வாயைத் திறந்தாள். “எந்தப் பக்கம் தையல் கூடம் பாட்டி?” தெரியாது என்றேன். நீ எழுது.

கை வீங்கியிருக்கிறது. சம்லி எழுதிய பேர் அல்லவா, வீங்காமல் என்ன செய்யும்? அவளிடமே சொன்னேன். “செத்தாலும் உன் வாய் மட்டும் வேகாதுடி” என்றாள். மாம்பலகை விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. அது வேறு.

இனி கடிதத்தைச் சோம் கடைக்குப் போடாதே. வீட்டு விலாசத்துக்கே போடு. உறையின் பின்னால் நீ இருக்கிற இடத்தை முழுசாக எழுது. தபால்காரன் படித்துக்கொண்டே வரட்டும்.

ஐயா, நீங்கள் ஓரத்தில் போட்ட கோடு வந்து சேர்ந்தது. ஒன்று போடச் சொன்னேன், நீங்கள் மூன்று போட்டிருந்தீர்கள். உறையில் வெள்ளை நூல் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே விட விதி இல்லை என்றால், நீங்களாவது அவன் மணிக்கட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள்.

இதை எழுதும்போது குழாய் போட்டுவிட்டார்கள். சம்லியின் தொண்டை இன்று கொஞ்சம் கட்டியிருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்டு அப்படியே எழுதுகிறேன். “அன்பான நோங் புவா மக்களே. நம்ம மாகாணத்துல இன்னைக்குப் புதுசா வெளியில ஒன்பது பேரு. சிறையில முப்பத்திரண்டு பேரு.” தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

“ஆக மொத்தம், நம்மாளுங்க நாப்பத்தொரு பேரு.”

உன் அம்மா
லம்துவன்
நோங் புவா கிராமம், புளியமரத்துக்கு அடுத்த வீடு